மணல்மேட்டு அடும்பு: ஒரு கொடியின் பெயரும் நம் கரையின் கணக்கும்



நம் வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் வேம்பாருக்குப் பக்கத்தில் எடுத்த படம். வெள்ளை மணல்மேடு, அதன்மேல் பச்சைக் கொடி, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் போன்ற பூக்கள். இது என்ன பூ என்று கேட்டிருந்தார். ஒருவர் மார்னிங் குளோரி என்றார். இன்னொருவர் நெய்வேலிக் காட்டாமணக்கு என்றார். மூன்றாமவர், அந்தப் பக்கம் மனை விலைக்கு வருகிறதாமே, விசாரித்தீர்களா என்று கேட்டார். பிறகு பேச்சு முழுக்க சென்ட் என்ன விலை என்பதில் போய்விட்டது. பூவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் விளாத்திகுளத்துக்காரன். படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. தாவரவியலையோ சங்க இலக்கியத்தையோ முறையாகப் படித்தவன் அல்ல. ஓய்வுபெற்ற பின் நேரம் கிடைத்ததால் படிக்கத் தொடங்கியவன். பூவைப் பற்றிய கேள்வியும் மனையைப் பற்றிய கேள்வியும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பெயர். அது அடும்பு. அடம்பு என்றும் அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். ஆட்டுக்கால் கொடி என்றும் ஒரு பெயர் உண்டு. இலையைப் பார்த்தால் காரணம் புரியும்: மந்தாரை இலையைப் போல நுனியில் பிளந்து, குளம்பின் வடிவத்தில் இருக்கும். காட்டாமணக்கு என்று சொன்னவரும் அவ்வளவு தூரம் விலகிப் போய்விடவில்லை. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை, பங்காளிகள். ஆனால் காட்டாமணக்கு குளத்தைக் கெடுக்க வந்த வெளிநாட்டுச் செடி, அடும்பு இந்தக் கரையின் பூர்வகுடி.

எங்கள் ஊர் கரிசல் பூமி. பருத்தி, கம்பு, மிளகாய் என்று வாழ்ந்தவர்கள். கடல் எங்களுக்கு இருபது கிலோமீட்டர் அளவில்தான் என்றாலும், கடற்கரைச் சொற்கள் எங்கள் வாயில் இல்லை. வேம்பார் என்றால் கருப்பட்டி, அவ்வளவுதான். கடற்கரைக் கிளை ஒன்றில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்த நாட்களில்தான் ஒரு மீனவ மூதாட்டி இதை அடப்பங்கொடி என்று எனக்குச் சொன்னார். சொறிமீன் பட்டால் இலையைக் கசக்கித் தேய்ப்போம் என்றும் சொன்னார். இது கைவைத்தியம் மட்டும் அல்ல. தாய்லாந்து ஆய்வாளர்கள் 1980-களிலும் 90-களிலும் இந்தக் கொடியின் சாற்றை எடுத்து, சொறிமீன் நஞ்சால் வரும் தோல் வீக்கத்தில் சோதித்து, பயன் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். (அதற்காக யாரும் இலையை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.)

அந்த மூதாட்டி சொன்ன பெயரின் வயது எனக்கு அப்போது தெரியாது. பல ஆண்டுகள் கழித்துச் சங்கப் பாடல்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வழக்கில் உள்ள சொல் என்று. நெய்தல் திணைப் பாடல்களில் அடும்பு இல்லாத கடற்கரையே குறைவு. குறுந்தொகை 243-ஆம் பாடலில் நம்பி குட்டுவன் இலையை மானின் குளம்படிக்கும், பூவைக் குதிரையின் கழுத்து மாலையில் கோத்த மணிக்கும் ஒப்பிடுகிறார். அந்தப் பூவைக் கொய்துதான் பெண்கள் மணலில் விளையாடுகிறார்கள். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனாரின் முதல் பாடலிலேயே, தலைவனின் தேர் பச்சை அடும்பை அறுத்துக்கொண்டு மணலில் வருகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களின் பட்டியலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மலைநாட்டுப் பாட்டாக இருந்தும் அதில் அடும்புக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அகநானூறு 160. குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. நிறைசூல் கொண்ட ஆமை கரையேறி, அடும்புக் கொடி சிதையும்படி இழுத்து, வெண்மணல் மேட்டோரத்தில் முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டை எப்படி இருக்கும், எப்படி நாறும் என்பதைக்கூட விடாமல் சொல்கிறார். ஆண் ஆமை குஞ்சு பொரிக்கும்வரை காவல் இருப்பதாக அவர் பாடியிருப்பது மட்டும் நிஜத்தில் நடப்பதில்லை. கடலாமையில் ஆண் கரைக்கே வராது. மற்றபடி ஆமை, கொடி, மணல்மேடு மூன்றையும் சேர்த்துப் பார்த்த கண் அது. இன்றைக்குச் சூழலியல் பாடம் சொல்பவர்கள் சேர்த்துப் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

இந்தப் பாடல்கள் ஏட்டிலேயே கிடந்தவை. உ.வே.சாமிநாதையர் ஐங்குறுநூற்றை 1903-இல் அச்சேற்றினார். அவருடைய குறுந்தொகைப் பதிப்பு 1937-இல் வந்தது. ஆக, நம் தாத்தா காலத்தில்தான் அடும்பு படித்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதுவும் 'ஒரு வகைக் கடற்கரைக் கொடி' என்ற உரைக்குறிப்பாக. கடற்கரையில் இருந்தவர்களிடம் அந்தப் பெயர் எப்போதும் இருந்தது. அவர்களிடம் போய்க் கேட்கத்தான் ஆளில்லை.

கேட்ட ஆள் ஒருவர் உண்டு. அவர் வெளிநாட்டுக்காரர். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீடு. மலையாளக் கரையின் செடி கொடிகளை எல்லாம் வரைந்து, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் போன்றவர்களிடம் பெயரும் குணமும் கேட்டு எழுதி, 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்று 12 தொகுதிகள் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட வைத்தார். முதல் தொகுதி 1678-இல் வந்தது, கடைசித் தொகுதி 1693-இல். பதினோராம் தொகுதியில் நம் கொடியின் படம் இருக்கிறது. அதற்கு லத்தீன் எழுத்தில் கொடுத்திருக்கும் பெயரை டச்சுக்காரர் உச்சரிப்பது போல வாசித்தால், 'சோவன்ன அடம்பு' என்று வரும். சுவன்ன அடம்பு, அதாவது சிவந்த அடம்பு! மலையாளத்தில் இன்றும் அடம்பு என்றுதான் பெயர். அந்தத் தொகுதி 1692-இல் வெளிவந்தபோது ரீடு உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலில் இறந்துவிட்டார்.

அதே டச்சுக் கம்பெனிதான் 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் பிடித்தது. முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் இங்கே கணக்கு எழுதினார்கள். கொச்சியில் ஒரு ரீடு இருந்தார், கொடிக்கும் பெயர் எழுதி வைத்தார். தூத்துக்குடிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பிறகு 1753-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, இதற்கு 'பெஸ் காப்ரே' என்று வைத்தார். பொருள் ஆட்டின் கால். நம் புலவர் மானின் காலைக் கண்ட அதே இலையில் அவர் ஆட்டின் காலைக் கண்டார். 1818-இல் ராபர்ட் பிரௌன் இதை 'ஐப்போமியா' இனத்தில் சேர்த்தார். பள்ளி இயற்பியலில் பிரௌனியன் இயக்கம் படித்திருப்பீர்களே, அதே பிரௌன்தான். வேடிக்கை என்னவென்றால், அவர் இதை எழுதியது காங்கோ ஆற்றுக்குப் போன ஒரு கப்பல் பயணத்தின் தாவரங்களைப் பற்றிய குறிப்பில். வேம்பார் மணலில் கிடக்கும் கொடி ஆப்பிரிக்கக் கரையிலும் கிடந்தது. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடக்கிறது. எவரும் கொண்டுபோய் நட்டதில்லை. ஒரு காயில் நான்கு விதை, பட்டாணி அளவு, மேலே பழுப்பு மயிர். உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் திறன் போகாது. பாஸ்போர்ட் இல்லாமல் உலகம் சுற்றிய விதை.

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஈழத்தமிழர் இதை அடம்பன் என்பார்கள். மன்னார் மாவட்டத்தில் அடம்பன் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவர்களிடம் ஒரு பழமொழி: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. தனிக்கொடி கையோடு வந்துவிடும், பத்துக் கொடி முறுக்கிக் கிடந்தால் இழுக்க முடியாது. நம் சங்கப் பொதுக்குழுவுக்குக் கோரம் சேராத ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

திரண்ட கொடி என்ன செய்கிறது என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஆறு வைப்பாறு. விளாத்திகுளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடி, சிப்பிகுளத்துக்கும் வைப்பாறு கிராமத்துக்கும் அருகே கடலில் சேர்கிறது. பெரும்பாலான மாதங்கள் மணல்தான் ஓடும், தண்ணீர் ஓடாது. வைப்பு என்ற சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சலானில் எழுதிய கை எனக்கு. அதனால் அந்தக் கரையின் மணல்மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் வைப்புக் கணக்கு என்றே தோன்றும். ஒப்புமை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நடப்பதும் அதுதான். புயல் காலத்தில் அலை மேட்டின் முகப்பை அறுத்து மணலைக் கடலுக்குள் இழுக்கும். அந்த மணல் தொலைந்துபோவதில்லை. கரையை ஒட்டி நீருக்கடியில் திட்டாக நின்று, அடுத்து வரும் பெரிய அலைகளைத் தூரத்திலேயே உடைக்கும். கடல் அமைதியானதும் சிறிய அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பும். காய்ந்த மணலைக் காற்று உள்ளே தள்ளும். அங்கே தடுத்து நிறுத்த ஏதாவது இருந்தால் மேடாகும், இல்லாவிட்டால் ஊருக்குள் போய்க் கிணற்றையும் வீட்டையும் மூடும்.

அடும்புதான் அந்தத் தடுப்பு. கொடி பத்து மீட்டரையும் தாண்டி ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். தரையோடு வரும் காற்று அதன் இலையில் பட்டு வேகம் குறையும்போது மணல் கீழே விழும். மணல் மூடினால் கொடி சாகாது. மேலே எழுந்து மறுபடி படரும், மேடும் அதோடு உயரும். கடலுக்கு மிக அருகே, உப்பும் வெயிலும் தாங்கி முதலில் நிற்பது இதுவும் இராவணன் மீசை என்ற முள் புல்லும்தான். இவை மணலைக் கட்டிய பிறகே பின்னால் தாழை, பனை எல்லாம். மேட்டின் அடியில் மழைநீர் தங்கும். உப்புநீரைவிட லேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடலை ஒட்டிய ஊர்களில் மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தார்களே, அது இந்தத் தண்ணீர்தான்.

இவ்வளவு வேலை செய்யும் ஒரு மேட்டுக்கு நம் ஆவணங்களில் என்ன பெயர்? முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை இது. வேம்பாரும் வைப்பாறும் பரதவரின் பழைய ஏழு ஊர்களில் சேர்ந்தவை. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் மணலில் தற்காலிகமாக ஒரு நகரமே எழும்பும். எத்தனை வள்ளம், எத்தனை சிப்பி, யாருக்கு என்ன பங்கு என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கக் கணக்கு உண்டு. தூத்துக்குடியில் முத்து, சங்கு மேற்பார்வை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி மட்டும் ஒரு தனிப்புத்தகம் எழுதினார். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. இத்தனை கணக்கிலும் மணல்மேடு வராது. அது நில ஆவணத்தில் வரும்: புறம்போக்கு என்றோ, தீர்வை ஏற்படாத தரிசு என்றோ. வருமானம் தராத நிலம் என்பதைத் தவிர அந்தச் சொற்களுக்கு வேறு பொருள் இல்லை. ஆனால் நாளடைவில் அவற்றை 'சும்மா கிடக்கிற இடம்' என்று எல்லோரும் வாசிக்கத் தொடங்கிவிட்டோம். அடும்பு என்ற சொல் தெரிந்திருந்தவர்கள் அப்படி வாசிக்கவில்லை.

சும்மா கிடந்த மணலுக்கும் விலை வந்தது. தென்கரை மணலில் கனிமம் இருப்பது 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளரால் தெரியவந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து மோனசைட் இருப்பதைக் கண்டார். கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான் என்று மற்றவற்றுக்கும் பின்னர் சந்தை பெருகியது. 2013 ஆகஸ்டில் எங்கள் விளாத்திகுளம் வட்டத்து வைப்பாறு கடற்கரை செய்தித்தாளில் வந்தது. தாதுமணல் அனுமதியின்றி அள்ளப்படுகிறது என்று மீனவர்கள் புகார் கொடுத்தார்கள், மாவட்ட ஆட்சியர் குழு அனுப்பிச் சோதனை செய்தார். அதே வாரத்தில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். தூத்துக்குடி மாவட்டத்தில் தாதுமணல் எடுக்க மாநில அரசு தடை விதித்து, ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தது. செப்டம்பரில் தடை திருநெல்வேலி, கன்னியாகுமரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் நீண்டது. வழக்குகள் ஓடின. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசுக்கு வர வேண்டிய ராயல்டி எவ்வளவு என்று கோடிகளில் கணக்குப் போட்டார்கள். போட வேண்டியதுதான். என்றாலும் வங்கிக்காரன் கண்ணுக்கு இன்னொரு பத்தி காலியாகத் தெரிகிறது. மேடு போனதால் கரைக்கு என்ன நட்டம் என்று எழுதும் பத்தி அது.

அந்தப் பத்தியை ஒரே ஓர் இடத்தில் கடல் தானே எழுதிக் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று இலங்கைக் கரையை அளந்தது. தென்கிழக்கே யாலவில் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு விடுதியின் முன்னால் இருந்த மணல்மேட்டை எடுத்திருந்தார்கள். பக்கத்தில் மேட்டைத் தொடாமல் விட்ட இடங்களைவிட அங்கே தண்ணீர் மிக உயரமாகப் புகுந்தது, விடுதி முழுதும் அழிந்தது. இந்தச் செய்தி 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நம் தூத்துக்குடிக்கு அன்று இலங்கையே மறைப்பாக நின்றதால் நாகப்பட்டினம் பட்ட பாடு நாம் படவில்லை. புயல் வரும் திசைகளுக்கெல்லாம் இலங்கை குறுக்கே நிற்காது.

இப்போது மனைக்கு வருகிறேன். மணல்மேட்டைச் சமன் செய்வதும் உருமாற்றுவதும் சட்டப்படி தடை. 1991 பிப்ரவரியில் வந்த முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இது உண்டு. அழகுபடுத்துவதற்காக என்றாலும் கூடாது. 2011, 2019 அறிவிக்கைகளும் மணல்மேட்டை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் வைத்திருக்கின்றன. மக்கள் அடர்த்தி குறைந்த கிராமக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. 'பீச் வியூ' என்று பிளக்ஸ் வைப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தாலே போதும் என்று நாம் நினைப்போம். இந்தக் கோடு அந்த இரண்டிலும் வராது. அது கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில்தான் இருக்கும். மனையின் சர்வே எண்ணை வைத்து அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே போங்கள். அடும்புப் பூ விடிந்ததும் விரிந்து, பிற்பகலில் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே நாள் ஆயுள். காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், சக்கரம் கொடியில் ஏறக் கூடாது. கொடி படர்ந்த மணலில் மனைக்கல் நட்டிருப்பதைக் கண்டால் அதன் எண்ணைக் குறித்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் சங்க அறையில்தான் இருப்பேன், பத்திர நகலை எடுத்துவந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.